ஐந்தாம் காரணியின் பெயர்சூட்டு விழா

மன அளவைப் பேராயத்தில் ஒரு காரணிக்குப் பெயர் வைக்கிறார்கள் என்றால் அன்றைக்குக் கேசரி உண்டு. முந்திரி தாராளமாகப் போட்ட, நெய் விரலில் ஒட்டுகிற கேசரி. கணினியானது குழந்தைகள் எழுதிய விடைகளையெல்லாம் விழுங்கிவிட்டு, "இந்தக் கேள்விகள் கூடிக்கூடி அசைகின்றன, இவற்றுக்குப் பின்னால் ஏதோ ஒன்று இருக்கிறது" என்று மட்டும் சொல்லும். அந்த ஏதோ ஒன்று என்ன என்று அதற்குத் தெரியாது. முதலாம் காரணி, இரண்டாம் காரணி என்று எண் போட்டுக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். பெயர் வைப்பது மனிதர் வேலை. ஆய்வை நடத்தியவர் எழுந்து, தொண்டையைச் செருமி, பெயரைச் சொல்வார். அவை கை தட்டும். பிறகு கேசரி.

அப்படித்தான் கால் நூற்றாண்டுக்கு முன்னால் பேராசிரியர் அருமைநாயகம் எழுந்து நின்று ஐந்தாம் காரணிக்கு 'நிலையின்மை' என்று பெயர் வைத்தார். எவ்வளவு மிடுக்கான பெயர்! சட்டமன்றத்தில் சொல்லலாம், பாடப்புத்தகத்தில் போடலாம், ஒரு மனுஷியின் வாழ்க்கையை முடித்துவைக்கும் உத்தரவிலும் எழுதலாம். அன்றைக்குக் கேசரி சாப்பிட்டவர்கள் யார் யார் என்று இசக்கியம்மாளுக்குத் தெரியாது. ஆனால் அது ஒவ்வொருவர் வயிற்றிலும் கல்லாகக் கிடக்கட்டும் என்று அவள் பல வருடம் மனசாரச் சபித்திருக்கிறாள்.

காரணம் அவளுடைய அக்கா காந்திமதி.

அந்தத் தேர்வின் முதல் சுற்று நடந்தபோது அக்காவுக்குப் பதின்மூன்று வயது, இசக்கிக்குப் பன்னிரண்டு. கோவில்பட்டியில் ஒரு பள்ளியின் பெரிய கூடம். மேமாத வெயில். மதியச் சோற்றைத் தின்றுவிட்டுக் குழாயடியில் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டுப் பிள்ளைகள் உள்ளே போனார்கள். கதவைச் சாத்தினார்கள். விதி எளிமையானது: வெளிக்காற்றுப் பட்டால் மனசின் அளவு மாறிவிடும் என்பதால் நடுவில் யாரும் எழுந்து போகக் கூடாது. எல்லாக் கேள்விக்கும் விடை தொட்டு முடித்தவர் மட்டும் போகலாம். பிள்ளைகளிடம் ஒரு பலகைத்திரையைக் கொடுத்தார்கள். கேள்விகள் மாலை வரைக்கும் வந்துகொண்டே இருந்தன.

கடைசிப் பகுதிக்கு வந்தபோது காந்திமதிக்கு அடிவயிறு தெறித்தது. நெளிந்தாள், காலைப் பின்னிக்கொண்டாள், கண்காணிப்பாளரைப் பார்த்து விரலைக் காட்டினாள். அந்த அம்மாள் தலையை ஆட்டி மறுத்தாள். அப்புறம் காந்திமதி கேள்வியைப் படிக்கவில்லை. மேலே இருந்த முதல் விடையைத் தட்டு தட்டு என்று தட்டி முடித்துவிட்டு ஓட்டமாக ஓடினாள். பக்கத்துப் பெஞ்சில் இருந்த இசக்கி இன்னும் பாதியில்தான் இருந்தாள். அவளால் ஓட முடியவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே பாவாடை நனைந்துபோனது. எழுந்தால் எல்லாரும் பார்ப்பார்கள் என்ற வெட்கத்தில், மற்றவர்கள் போகட்டும் என்று ஒவ்வொரு கேள்வியையும் மூன்று தடவை படித்து, யோசித்து, நிதானமாக விடை தொட்டாள். கடைசியாக எழுந்தவள் அவள்தான்.

வழியெல்லாம் அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே தன் தாவணியை உருவி இவள் இடுப்பில் சுற்றிவிட்டாள். "அம்மாட்டச் சொல்ல மாட்டேன், அழாத" என்றாள்.

பிறகு திறன் அட்டை வந்தது. ஐந்து எண்கள். மொழி, கணக்கு, நினைவு, கூர்மை என்ற நான்கிலும் அக்கா தங்கையை விட ஒரு படி மேலே. ஐந்தாவதில், நிலையின்மையில், இசக்கிக்கு ஒன்பது. காந்திமதிக்கு எண்பத்தொன்று. எழுபதைத் தாண்டினால் மேல்படிப்பு கிடையாது, வண்டி ஓட்ட உரிமம் கிடையாது, வங்கிக் கடன் கிடையாது. வகுப்பில் எப்போதும் முதலாவதாக வந்த காந்திமதி, தேய்ந்த மின்கலங்களைப் பிரித்துப் போடும் கிடங்குக்குப் போனாள். அங்கேயே வேலை பார்த்த ஒருவனைக் கட்டிக்கொண்டாள். அவன் நல்லவன், நுரையீரல்தான் நல்லதில்லை. அவன் போய்ச் சேர்ந்தபோது அவள் நிறைமாதம்.

அந்த வருடம்தான் குழந்தை வளர்ப்புச் சட்டம் வந்திருந்தது. நிலையில்லாதவர் தனியே குழந்தை வளர்க்கக் கூடாது. பிரசவ வார்டில் ஒரு பெண் வந்து காந்திமதியின் அட்டையைக் கருவியில் காட்டிப் பார்த்தாள். கருவி சிவப்பாக மின்னியது. குழந்தையைத் துணியில் சுற்றி அரசு இல்லத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். முத்தரசி என்று பெயர் வைக்கலாம் என்று இருந்தார்கள். இல்லத்துக்காரர்கள் பெரிய மனசு பண்ணி அந்தப் பெயரையே வைத்துக்கொண்டார்கள். பால் கட்டிய மார்போடு அக்கா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததை இசக்கியம்மாள் வார்டின் வாசலில் நின்று பார்த்தாள். அப்போது அவள் பேராயத்தில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. நிலையின்மை ஒன்பது என்றால் எங்கே வேண்டுமானாலும் வேலை கிடைக்கும்.

பேராயத்தில் அவளுக்கு ஐந்தாம் காரணியின் உட்புறம் கிடைத்தது. எந்தெந்தக் கேள்விகள் அந்தக் காரணியின் மேல் பாரமாக ஏறியிருக்கின்றன என்று பார்த்தாள். ஒன்று நண்பர்களைப் பற்றியது, ஒன்று நாயைப் பற்றியது, ஒன்று கனவைப் பற்றியது. ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பெரிய பெரிய ஆட்கள் இவற்றுக்குள் பொதுவான தத்துவத்தைத் தேடிக் கட்டுரை எழுதியிருந்தார்கள். இசக்கியம்மாள் வேறொன்றைக் கவனித்தாள். எல்லாமே கடைசித் திரைகளில் வந்த கேள்விகள். அதைப் பார்த்த கணத்தில், இத்தனை வருடம் கழித்தும், பெஞ்சின் ஈரம் தொடையில் சில்லென்று பட்டது.

அடுத்த பஸ்ஸில் கோவில்பட்டிக்குப் போனாள்.

"காரணி காரணிங்கியே, அது என்னதுட்டி?" என்று கேட்டாள் காந்திமதி. கிடங்கிலிருந்து வந்து கைகளைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் கறுப்பு போகாது.

"தெருவுல பத்து வீட்டுல ஒரே நேரத்துல லைட்டு அணையுதுன்னு வச்சுக்கோ. என்ன நெனைப்ப?"

"எங்கயோ பியூஸு போயிட்டுன்னு நெனைப்பேன்."

"அந்தப் பியூஸ நீ பாத்தியா?"

"நா எங்க பாத்தேன். லைட்ட வச்சுச் சொல்லுதேன்."

"அதாங்க்கா காரணி. லைட்டுங்கிறது கேள்வி. எல்லாம் சேந்து அணைஞ்சா, சேந்து எரிஞ்சா, பின்னால ஒரு பியூஸு இருக்குன்னு கம்ப்யூட்டர் சொல்லும். அது பொய் சொல்லாது. ஆனா அந்தப் பியூஸு என்னதுன்னு அதுக்குத் தெரியாது."

"அப்பம் என் பியூஸுக்கு நிலையின்மைன்னு பேர் வச்சது யாரு?"

"அருமைநாயகம் சார். எங்க பெரியவரு."

"நெசமா அது என்னது?"

இசக்கியம்மாள் சொன்னாள். கடைசித் திரை, பூட்டிய கதவு, படிக்காமல் தட்டிய விரல், முடித்தவர் மட்டும் போகலாம் என்ற விதி. அவசரத்தில் இருந்த பிள்ளைகள் எல்லாம் முதல் விடையையே தட்டியதால்தான் அந்தக் கேள்விகள் சேர்ந்து அசைந்தன என்றாள். சொல்லி முடித்தபோது காந்திமதியின் கையில் சீயக்காய் காய்ந்துபோயிருந்தது.

"ஏட்டி," என்றாள் அக்கா, மெதுவாக. "நா அன்னைக்கு ஒண்ணுக்குப் போனதுக்கா எம் பிள்ளையப் புடுங்கிட்டுப் போனானுவ?"

இசக்கியம்மாள் சொம்பில் தண்ணீர் மொண்டு அக்காவின் கையில் ஊற்றினாள். அந்த ஆளைச் சும்மா விடக் கூடாது என்று மட்டும் தோன்றியது. நியாயம் வேண்டும் என்று கூட இல்லை. அவரைத் தலைகுனிய வைக்க வேண்டும், எல்லாரும் பார்க்க, பகலில். அந்த எண்ணம் வந்த பிறகுதான் அவளால் மூச்சு விட முடிந்தது.

இருந்தாலும் முதலில் நேர்வழியில்தான் போய்ப் பார்த்தாள். அருமைநாயகம் மோசமாகப் பேசுகிறவர் அல்ல. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, எதிரில் யார் வந்தாலும் உட்காரச் சொல்வார். பேராய வரவேற்பறையில் அவருடைய திறன் அட்டையைப் பெரிய திரையாக மாட்டியிருந்தார்கள். மாட்டச் சொன்னது அவர்தான். ஐந்தாவதற்கு எதிரே மட்டும் ஒரு கோடு. மற்ற நான்கும் பழைய தேர்வுகளில் வாங்கியவை; இந்தத் தேர்வை உருவாக்கியவர் இதை எழுதுவதில்லையே.

"சார், ஐந்தாம் காரணிக் கேள்வி எல்லாம் கடைசியில இருக்கு. ஒரு தடவை வரிசையைக் கலைச்சுப் போட்டு நடத்திப் பாக்கலாமா?"

"வரிசையை மாத்தினா பழைய மதிப்பெண்ணோட ஒப்பிட முடியாதேம்மா."

"பிள்ளைங்க அந்த நேரத்துல அவதியில இருந்திருக்கலாம் சார்."

"காரணி இருக்கா, இல்லையா?"

"இருக்கு சார்."

"ஒவ்வொரு சுற்றிலும் வருதா?"

"வருது சார்."

"அப்புறம் என்னம்மா? எல்லாருக்கும் ஒரே கூடம், ஒரே நேரம். அவதியிலயும் நிதானமா இருக்கறவங்க இருக்காங்க. இல்லாதவங்க இருக்காங்க. அதைத்தான் அளக்கிறோம்." சிரித்தார். "உங்களுக்கே ஒன்பதுதானே? நீங்க இருக்கலையா?"

பல்லைக் கடித்துக்கொண்டு "நன்றி சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அன்றிலிருந்து அவள் பேராயத்தின் மிக அடக்கமான ஊழியர். எந்த வேலையைக் கொடுத்தாலும் முகம் சுளிக்கவில்லை. எட்டு வருடம் காத்திருந்தாள். பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் மறுசரிபார்ப்பை யாரிடம் கொடுப்பது என்று வந்தபோது அருமைநாயகமே அவள் பெயரைச் சொன்னார்.

மறுசரிபார்ப்பு என்பது பெரும்பாலும் சடங்கு. தேர்வை இன்னொரு கூட்டத்துக்கு வைத்து, அதே காரணிகள் அங்கும் கிளம்புகின்றனவா என்று பார்ப்பார்கள். கிளம்பினால் தேர்வு உறுதியானது. சரிபார்த்தவர் ஐந்து பெயர்களையும் மறுபடி ஒருமுறை சூட்டுவார். இதுவரை சரிபார்த்த எல்லாரும் மரியாதைக்குப் பழைய பெயர்களையே ஒப்பித்துவிட்டுக் கேசரிக்கு உட்கார்ந்தார்கள். எப்போதோ ஒரு போட்டிப் பேராசிரியர் அருமைநாயகம் வைத்த பெயரில் கைவைக்கப் பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகு அருமைநாயகமே ஒரு விதி எழுதிப் பூட்டினார்: பெயரிடும் உரிமை ஆய்வு நடத்தியவருக்கே, அவை அதை மாற்ற இயலாது.

"இந்தத் தடவை யாருக்குத் தேர்வு வைக்கலாம்னு இருக்கீங்க?" என்று பேராயத் தலைவி சௌந்தரவல்லி கேட்டார். ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி, எழுபதை நெருங்குகிறவர்.

"அறுபது தாண்டின மேன்மக்களுக்கு, மேடம். நீதிபதிகள், செயலர்கள், நம்ம அவை உறுப்பினர்கள். நாட்டையே தாங்குறவங்க எவ்வளவு நிலையானவங்கன்னு ஜனங்களும் பாக்கட்டுமே."

பெருமை என்ற ஒன்று இருக்கிறதே, அதற்கு வயது கிடையாது. அவை ஒருமனதாக ஒத்துக்கொண்டது. அருமைநாயகமும் முதல் முறையாகத் தன் தேர்வைத் தானே எழுதச் சம்மதித்தார். வரவேற்பறைத் திரையில் அந்தக் கோடு அவரை உறுத்தியிருக்க வேண்டும். எழுபதைத் தாண்டுபவர் பதவி விலகுவார் என்று ஓர் உறுப்பினர் வீறாப்பாக அறிவித்தார். பத்திரிகைகள் பாராட்டின.

தேர்வு நாளன்று உபசரிப்பை இசக்கியம்மாள் தானே முன்னின்று கவனித்தாள். வாசலில் இளநீர். உள்ளே வந்ததும் பானகம். மதியச் சாப்பாட்டில் ரசம் இரண்டு தரம், மோர் எவ்வளவு வேண்டுமானாலும். எழுந்து கை கழுவியதும் டிகிரி காபி. "இன்னொரு அரை டம்ளர், சார்" என்று அருமைநாயகத்தின் கையில் அவளே கொடுத்தாள். அவருக்குச் சர்க்கரை நோயும் புராஸ்டேட் தொந்தரவும் இருப்பது அலுவலகத்துக்கே தெரியும். கூட்டத்தின் நடுவில் இரண்டு முறை எழுந்து போவார். கூடத்தில் குளிர்சாதனத்தை நடுங்கும் அளவுக்கு வைக்கச் சொல்லியிருந்தாள். எல்லாரும் உட்கார்ந்ததும் கதவைச் சாத்தி, விதியை ஒலிபெருக்கியில் படித்தாள். அருமைநாயகம் எழுதிய விதி, அவருடைய வாக்கியம். ஒரு எழுத்தைக் கூட மாற்றவில்லை.

பிறகு கண்காணிப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

முதல் பகுதி முழுக்க மேன்மக்கள் மேன்மையாகத்தான் இருந்தார்கள். அடுத்த பகுதியில் ஒரு முன்னாள் துணைவேந்தர் காலை மாற்றிப் போட்டார். பிறகு மறுபடி மாற்றினார். குடும்பத் தீர்ப்பாயத்தின் நீதியரசர் திருவேங்கடம் கண்ணை மூடிக்கொண்டு உதட்டைக் கடித்தார். சௌந்தரவல்லி அம்மையார் புடவைத் தலைப்பை இறுக்கிக்கொண்டு இசக்கியம்மாளைப் பார்த்து விரலைக் காட்டினார். இசக்கியம்மாள் தலையை ஆட்டி மறுத்தாள். கோவில்பட்டியில் அந்தக் கண்காணிப்பாளர் எப்படி ஆட்டினாளோ அப்படியே. அந்த ஒரு ஆட்டலுக்காக எட்டு வருடம் அடக்கமாக இருந்தது தகும் என்று அவளுக்குப் பட்டது.

கடைசித் திரைகள் வந்தன. கூடமெங்கும் விரல் தட்டும் சத்தம் கிளம்பியது. யாரும் கேள்வியைப் படிக்கவில்லை. முதல் விடை, முதல் விடை, முதல் விடை. ஒருவர் பின் ஒருவராக எழுந்து, வேட்டியைப் பிடித்துக்கொண்டும் கால்சட்டைப் பைக்குள் கையை விட்டுக்கொண்டும், வயசுக்கு ஒவ்வாத வேகத்தில் கதவை நோக்கிப் போனார்கள். நீதியரசர் செருப்பை விட்டுவிட்டு ஓடினார்.

அருமைநாயகம் மட்டும் எழுந்திருக்கவில்லை.

அவர் முகம் வெளுத்து, நெற்றியில் அந்தக் குளிரிலும் வேர்வை பூத்திருந்தது. ஆனால் ஒவ்வொரு கேள்வியையும் படித்தார், யோசித்தார், தொட்டார். இசக்கியம்மாள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவருடைய முகத்தையே பார்த்தாள். ஒரு நேரத்தில் அந்த முகம் சட்டென்று தளர்ந்தது. நாற்காலிக்கு அடியில் ஈரம் மெல்லப் பரவியது. அவர் அடுத்த கேள்வியைப் படிக்கத் தொடங்கினார்.

கூடம் காலியான பிறகு அவர் திரையைக் கவிழ்த்து வைத்தார். இசக்கியம்மாள் அருகில் போய் நின்றாள்.

"எந்திரிச்சிருக்கலாமே சார்."

"எந்திரிச்சா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமே."

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

"ரெண்டாவது சுற்றிலயே தெரியும். ஒரு சென்டர்ல கதவுப் பூட்டு ரிப்பேரு. பிள்ளைங்க போய்ப் போய் வந்துச்சுங்க. அந்த சென்டர்ல மட்டும் ஐந்தாவது வரலை." ஈர வேட்டியைப் பார்க்காமல் எங்கோ பார்த்தபடி சொன்னார். "அதுக்குள்ள சட்டம் ஆயிருச்சும்மா. முதலமைச்சர் மேடையில பேசிட்டாரு. நான் என்ன பண்ண முடியும்?"

"சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா நான் யாரு?" என்றார். அதைக் கேள்வியாகத்தான் கேட்டார், பதிலை எதிர்பார்த்து. பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"கோவில்பட்டி சென்டர், சார். பாவாடை நனைஞ்ச பிள்ளை நான். அதான் ஒன்பது. ஓடின பிள்ளை எங்க அக்கா."

அவர் ஈர வேட்டியைக் கையால் மறைத்துக்கொண்டார். அப்புறம், "ஒரு துண்டு கொடுங்கம்மா, இடுப்புல கட்டிக்கிறேன்" என்றார்.

மேசை விரிப்பாக ஒரு துண்டு கிடந்தது. அக்கா தாவணியை உருவிச் சுற்றிவிட்டது நினைவுக்கு வந்தது. அக்கா கொடுத்தாள், ஏனென்றால் அவள் காந்திமதி. இசக்கியம்மாள் கொடுக்கவில்லை. கதவை அகலத் திறந்துவிட்டாள். வெளியே எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள், கேமராக்காரர்கள் உட்பட.

முடிவுகள் வந்தன. அருமைநாயகத்துக்கு ஐந்தாவதில் இரண்டு. மாநிலத்திலேயே அதற்குக் குறைவு இல்லை. மற்ற மேன்மக்கள் ஏறக்குறைய எல்லாரும் எழுபதைத் தாண்டியிருந்தார்கள். அவ்வளவுதான், ஐந்தாம் காரணி செத்தது, இனி இவர்களே கத்திக் கதறி ஒழித்துவிடுவார்கள் என்று இசக்கியம்மாள் நம்பினாள். கத்தவும் செய்தார்கள். அவசரக் கூட்டம் கூடியது. ஒரு மணி நேரம் சூடாகப் பேசி, ஒரு திருத்தம் நிறைவேற்றினார்கள்: அறுபது வயதைக் கடந்தவர்களின் ஐந்தாம் எண்ணுக்குச் சட்ட விளைவு கிடையாது, அதற்காக யாரும் பதவி விலக வேண்டியதில்லை, அவர்கள் உடல்நலக் காரணங்களுக்காகக் கூடத்தை விட்டு வெளியே சென்று வரலாம்.

குழந்தைகளுக்கு? குழந்தைகளைப் பற்றி யாருமே பேசவில்லை. பழைய விதி அப்படியே இருந்தது. என்ன மனுஷர்கள்! தங்கள் வயிற்றை மட்டும் காப்பாற்றிக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள்.

அன்று மாலை இசக்கியம்மாள் அக்காவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள்.

"அந்த ஆளு நனைச்சுக்கிட்டானா?" என்று காந்திமதி கேட்டாள்.

"ஆமாக்கா."

"சரி. எம் பிள்ள வருவாளா?"

"இல்லக்கா. இன்னும் இல்ல."

"அப்பம் அவன் நனைச்சா எனக்கென்ன, நனைக்காட்டா எனக்கென்ன," என்று சொல்லிவிட்டு அக்கா போனை வைத்தாள்.

இசக்கியம்மாளுக்கு அந்த வார்த்தை சுரீரென்று தைத்தது. ஒரு கிழவரை அவமானப்படுத்தியதோடு பழி தீர்ந்துவிட்டது என்று நினைத்ததற்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. அவருடைய வேட்டியா குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனது? அவர் வைத்த பெயர் அல்லவா தூக்கிக்கொண்டு போனது.

மறுசரிபார்ப்பின் கடைசிக் கட்டம் பெயர்சூட்டு விழா. வழக்கம்போல அவை நிறைந்திருந்தது. வழக்கம்போலக் கேசரி, தட்டுகளில் முன்கூட்டியே வைக்கப்பட்டு. அருமைநாயகம் முதல் வரிசையில் இருந்தார். வராமல் இருந்தால் பேசுவார்கள் என்று வந்திருப்பார். இசக்கியம்மாள் எழுந்தாள்.

"ஐந்து காரணிகளும் புதிய கூட்டத்தில் உறுதியாகியுள்ளன. முதலாம் காரணி, மொழி. இரண்டாம் காரணி, கணக்கு. மூன்றாம் காரணி, நினைவு. நான்காம் காரணி, கூர்மை."

ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். சிலர் கரண்டியை எடுத்துவிட்டார்கள்.

"ஐந்தாம் காரணி, சிறுநீர்."

கைதட்டப் போன கைகள் அந்தரத்தில் நின்றன.

"என்ன சொன்னீங்க?" என்றார் சௌந்தரவல்லி.

"சிறுநீர், மேடம். பெயர் காரணியின் இயல்பைச் சொல்ல வேண்டும் என்பது விதி. இந்தக் காரணி இருக்கிறது, சந்தேகமே இல்லை. அன்றைக்கு இந்த அவையில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் அது எவ்வளவு இருந்தது என்று மிகத் துல்லியமாக அளந்தது."

"இது என்ன விளையாட்டு? இந்தப் பேரு சட்டத்துல போகும். தீர்ப்புல போகும். கோடிப் பேர் அட்டையில போகும்!"

"போகட்டும், மேடம்."

"இதை ஏத்துக்க முடியாது. அவை மாத்தும்."

"அவை மாத்த முடியாது. சார் எழுதின விதி." இசக்கியம்மாள் முதல் வரிசையைப் பார்த்தாள். "வேற பேரு பொருத்தம்னு சாருக்குத் தோணினா அவர் சொல்லட்டும். அந்தக் காரணி என்னன்னு இந்த மாநிலத்துலயே அவரை விட நல்லாத் தெரிஞ்சவங்க யாரும் இல்லை. அன்னைக்குக் கடைசி வரைக்கும் கூடத்துல இருந்தது நாங்க ரெண்டு பேரும்தான்."

எல்லாத் தலைகளும் அருமைநாயகத்தின் பக்கம் திரும்பின. அவர் எழுந்தார். வாயைத் திறந்தார். நிலையின்மை என்று சொன்னால் ஏன் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று சொன்னால் அந்த வேட்டியைப் பற்றியும் பூட்டு ரிப்பேரான சென்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். அவர்மேல் இரக்கம் வருகிறதா என்று தன்னையே ஒரு தரம் கேட்டுப் பார்த்தாள். வரவில்லை.

"விதிப்படி... செல்லும்," என்றார் அருமைநாயகம், யாருக்கும் சரியாகக் கேட்காத குரலில், உட்கார்ந்துகொண்டே.

யாரும் கேசரியைத் தொடவில்லை. இசக்கியம்மாள் மட்டும் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, பக்கத்தில் இருந்தவருடையதையும் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை எல்லாருடைய அட்டையிலும் பெயர் மாறியிருந்தது. பேராய வரவேற்பறையின் பெரிய திரையில், மாலையும் கழுத்துமாக நின்ற அருமைநாயகத்தின் படத்துக்குக் கீழே, மொழி, கணக்கு, நினைவு, கூர்மை, அப்புறம் 'சிறுநீர்: 2' என்று பளிச்சென்று எரிந்தது. பார்க்க வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு போனார்கள். ஒரு வாரத்தில் அவர் விடுப்பில் போனார், திரும்பி வரவில்லை.

சட்டம் ஒரு வரி கூட மாறவில்லை. வாய்தான் அதைச் சொல்ல மறுத்தது. சிறுநீர் எழுபதுக்கு மேல் இருப்பதால் கடன் மறுக்கப்படுகிறது என்று எந்த வங்கி எழுதும்? எழுதிய ஒன்றிரண்டு வங்கிகளைப் பார்த்து ஊரே சிரித்தது.

பிள்ளையைத் திருப்பிக் கேட்டுக் காந்திமதி போட்ட மனு குடும்பத் தீர்ப்பாயத்துக்கு வந்தது. நீதியரசர் திருவேங்கடம். இல்லத்திலிருந்து முத்தரசியைக் கூட்டிவந்து ஓரமாக ஒரு பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். எட்டு வயது, கையைக் கட்டி, முழங்காலை ஒட்டி, ஆடாமல் அசையாமல் இருந்தாள். காந்திமதி அவளையே பார்த்தாள். அவள் தரையையே பார்த்தாள்.

இல்லத்தின் எதிர்ப்பு மனுவை நீதியரசர் வாய்விட்டுப் படிக்க வேண்டும், அதுதான் நடைமுறை. "மனுதாரரின்..." என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மனுதாரரின் சிறுநீர் எண்பத்தொன்றாக இருப்பதால், அவர் குழந்தை வளர்க்க..." கூடத்தில் யாரோ களுக்கென்றார்கள். அவருக்குக் காது மடல் சிவந்தது. அவருடையது எண்பத்தெட்டு என்று பத்திரிகையில் வந்திருந்தது.

அப்போது முத்தரசி எழுந்து நின்று கையைத் தூக்கினாள்.

"ஐயா, பாத்ரூம் போகணும். முடிஞ்ச பிறகு போகட்டுமா?"

நீதியரசர் அந்தப் பிள்ளையின் ஒட்டிய முழங்காலைப் பார்த்தார். கையிலிருந்த தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"இப்பவே போம்மா," என்றார். "கதவைத் திறங்கப்பா. கூட யாராவது போங்க."

இல்லத்துப் பெண் எழுவதற்குள் காந்திமதி எழுந்துவிட்டாள். ஓடினாள், கோவில்பட்டிக் கூடத்தில் ஓடியது போலவே. பிள்ளையின் கையைப் பிடித்தாள். யாரும் தடுக்கவில்லை.